பதினைந்து இருக்கை வேன்

சபை வேனுக்குப் பதினைந்து இருக்கை.
ஹீட்டர் முன் மூன்று வரிசைக்குத்தான் எட்டும்.
கடைசி வரிசையைக் கேட்டு வாங்குகிறவர்கள்
போர்வைக்காக வருவார்கள், முத்தத்துக்காக வருவார்கள்,
இல்லை, என் கண்ணுக்குத் தப்ப வருவார்கள்.
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
எதற்கென்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இன்று அங்கே என் மகள் தோரா.
மாரித்துக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
பதினான்கு வயதை வீட்டில் தனியாக விட மனமில்லை.
அதனால் வந்தாள், ஜெபிக்க அல்ல.
முகாமின் இரண்டு நாளும்
யாரும் என்னோடு அவளைச் சேர்த்துப் பார்த்துவிடாதபடி
பாத்திரம் கழுவுமிடத்திலேயே நின்றாள்.

யோனாவுக்கு நிலக்கடலை ஆகாது, தெரியும்.
மக்கென்னாவின் அப்பா எந்தச் சனிக்கிழமை
சொன்னபடி வரமாட்டார், அதுவும் தெரியும்.
தோரா இறைச்சியை விட்டு ஐந்து மாதமாகிறதாம்.
முகாமின் சமையல்காரர் சொன்னார்.
ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள்.
வளர்ந்துதான் இருக்கிறாள்.

ரக்பி தாண்டி எட்டு மைலில்
சாலை வெள்ளையாகி, வானமும் வெள்ளையாகி,
வேன் மெதுவாக, ஏறக்குறைய மரியாதையாக,
பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது.
யாருக்கும் அடியில்லை. சிப்ஸ் மட்டும் கொட்டியது.
பனி தள்ளும் வண்டிக்கு இரண்டு மணி நேரமாகும் என்றார்கள்.

பத்து நிமிடத்துக்கொருமுறை மண்வெட்டியோடு இறங்கி
புகைக்குழாயை மூடும் பனியை விலக்க வேண்டும்.
விலக்காவிட்டால் புகை உள்ளே திரும்பும்,
பிள்ளைகள் தூங்குவதுபோலவே இருப்பார்கள்.
இந்த ஊழியத்தில் எனக்கு
முழுசாகப் புரிந்த வேலை அது ஒன்றுதான்.

நான்காம் முறை குனிந்தபோது கேட்டது.
பின்கதவு சரியாக மூடாது, விரற்கடை இடைவெளி.
அதன் வழியே கோல்ட்டரின் குரல்.

கோல்ட்டரின் அண்ணன் டேன், பத்தொன்பது வயது,
அக்டோபரில் சூரியகாந்தி விதைக் குதிருக்குள்
கட்டி உடைக்க இறங்கினான்.
விதை தண்ணீரைவிட மோசம், நீந்த விடாது.
அடக்க ஆராதனை முடிந்து, காபிப் பாத்திரத்தின் அருகே,
தேவனிடம் ஒரு திட்டம் இருக்கும் என்றேன்.
அவன் தலையாட்டினான்.
பதின்வயதுப் பிள்ளைகள் என்னிடம் ரொம்ப மரியாதை.

"ஏன்னு உங்கப்பாவுக்குத் தெரியும்ல?" என்கிறான் இப்போது.
"தெரியாது," என்கிறாள் தோரா.
"அம்மாகிட்ட சொன்னார், பாத்திரம் துடைச்சிக்கிட்டே.
டேனுக்காக ஜெபிக்க உட்கார்ந்தா வாயே வரலையாம்.
நான் மாடிப்படியில இருந்தேன்."
"அவரா?"
"அவர்தான்."
"அப்புறம் ஏன் வர்றார்?"
"தெரியல. வேன் சாவி அவர்கிட்டதானே இருக்கு."

கோல்ட்டரிடமிருந்து ஒரு சத்தம்.
சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது.
முடிந்தபோது சிரிப்பில்லை.
அக்டோபருக்குப் பிறகு அவனிடம் நான் கேட்ட
முதல் சத்தம் அது.
எனக்காக வந்ததல்ல.

முழங்கால் பனியில் நின்றேன்.
குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்ததுபோல் இருந்தது.
பதினோரு வருடமாக வெள்ளைப் பலகையில்
அம்புக்குறி போட்டு விசுவாசத்தை விளக்கியவன்,
ஒரே ஒரு பண்டத்தை மட்டும்
வீட்டுச் சமையலறையிலேயே வைத்துப் பூட்டியிருந்தேன்.
அதை அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள்,
தன் கையுறையைக் கழற்றிக் கொடுப்பதுபோல.

உள்ளே ஏறினேன். மக்கென்னா ஜெபிக்கச் சொன்னாள்.
பரமபிதா ஜெபத்தை ஆரம்பித்து
சித்தம் என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன்.
ஹீட்டர் மட்டும் ஓடியது.
யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, தோராவும்தான்.
கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கேட்டது அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.
யோனாவின் வயிறு உறுமியது, எல்லோரும் சிரித்தார்கள்,
ஆமென் எங்கோ விழுந்து போனது.

திங்கட்கிழமை சபை அலுவலகத்தில் பயண அறிக்கை.
போன மைல், வந்த மைல், பெட்ரோல்.
குறிப்பிடத்தக்கவை என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை என்று எழுதினேன், அடித்தேன்.
பிறகு எழுதினேன்:
பின்கதவு சரியாக மூடுவதில்லை.
பழுது பார்க்க அவசரமில்லை.