பதினோரு தவணை பாக்கி

அறையில் ஏசி போடக் கூடாது
என்பது முதல் விதி.
குளிரிலிருந்து சட்டென்று வெளியே எடுத்தால்
லென்ஸுக்கு வியர்க்கும்.
அதனால் முட்டத்தில் முதல் இரவு
எங்களுக்கு வியர்த்தது.

ஃபேன் போதுமே என்றேன்.
பூங்கோதை ஒன்றும் சொல்லாமல்
தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஈரோட்டில் கிளம்பும்போதே
பையின் வயிறு நிறைந்திருந்தது.
செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும்
இரண்டு வருடமாகப் பொறுக்கிச் சேர்த்த
ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலங்கள் நாற்பத்தாறு,
(எண்ணித்தான் வைத்தேன்)
ஊட்டி லாட்ஜில் சுட்ட குளியல் தொப்பி ஒன்று,
தூசி ஊதும் ரப்பர் குமிழ், மூன்று மெல்லிய துணி,
ஜிப் வைத்த பெரிய கவர்கள்.
இடம் போதவில்லை.
அவளுடைய இரண்டு சுடிதார் வீட்டிலேயே நின்றுவிட்டன.

லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால்
காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு
மடியில் துண்டு விரித்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு
பிரசவம் பார்ப்பதுபோல் பார்ப்பேன்.
மாற்றி முடித்து இறங்கும்போது
எதற்காக மாற்றினேனோ அந்த வெளிச்சம்
கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் போயிருக்கும்.

கடியபட்டணம் பக்கம் மணல் கறுப்பு.
பென்சிலைச் சீவிக் கொட்டியது போல.
அதில் இரும்பின் வம்சம் ஏதோ இருக்கிறது,
ஃபில்டரின் காந்த வளையத்தைக் கண்டதும்
எறும்பாக ஏறி உட்கார்ந்தது.
ஊதினேன். நகரவில்லை.
ஊதினேன்.
வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பையன்,
ததேயு என்று பெயர், மஞ்சள் ஜெர்சி,
வேடிக்கை பார்த்தான்.
அவன் போன் ஒரு சிவப்புப் பலூனுக்குள் இருந்தது,
வாயில் முடிச்சு.
கடலுக்குள்ள இதோடயா போறீங்க என்றேன்.
'தண்ணிய தடுக்கலாம் ஓய்,
உப்ப தடுக்க ஏலாது.
இது நாலாவது போனு' என்றான்,
கவலையே இல்லாமல்.

இரண்டாம் நாள் மாலை
பாறைக்குக் கீழே அவளை நிற்கச் சொன்னேன்.
இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.
முந்தானையைப் பிடி. இல்லை, விடு.
அடிவானம் நேராக இருக்கிறதா என்று
கட்டத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அந்தக் கட்டத்துக்குள் வராத அலை
பக்கவாட்டிலிருந்து வந்தது.

என் இரண்டு கைகளும்
தலைக்கு மேலே போயின.
அவ்வளவு வேகமாக என் கைகள்
எதற்கும் போனதில்லை.
முட்டி வரை நுரை, இடுப்பு வரை நுரை,
உச்சியில் கேமரா,
சாமி தூக்குகிறவன்போல் நின்றேன்.

அவள் விழுந்திருந்தாள்.
முழங்கால் ஊன்றி, ஒரு கை மணலில்,
மற்றொரு கை
நான் இருந்த பக்கமாக நீண்டு.

ததேயுதான் ஓடிவந்து தூக்கினான்.
ஒரு செருப்பு போய்விட்டது.
வாயிலிருந்து உப்பைத் துப்பிவிட்டு
அவள் கேட்டது இதுதான்:
'கேமரா நனையலையே?'

நனையவில்லை.
ஒரு பொட்டுகூட.

திரும்பி வந்து முக்காலியின் கால்களை
நல்ல தண்ணீரில் கழுவினேன்.
ஒவ்வொரு மரையாகத் துடைத்தேன்.
குளியலறையில் அவள்
தலையைச் சாய்த்துக் காதைத் தட்டும் சத்தம்.
கார்டைப் பார்த்தால் அன்றைக்கு ஒரே படம்,
கையை உயர்த்தும்போது விரல் தானாக அழுத்தியது.
சாய்ந்த வானம், மூலையில் நான்கு விரல்கள்,
அவளுடையவை.
ஃபோகஸ் அச்சாக விழுந்திருந்தது.

அழிக்கவில்லை. அவளிடம் காட்டவும் இல்லை.

இரவு நானே எழுந்து
ஏசி போடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
உள்ளே பேட்டரி இல்லை.
காலையில் ட்ரிக்கருக்காக
நான்தான் கழற்றியிருந்தேன்.

இருட்டில் பூங்கோதை சிரித்த மாதிரி இருந்தது.
அலைச் சத்தத்தில்
சரியாகக் கேட்கவில்லை.