அறுபத்தொன்று

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறாள் ருஸ்னா,
கிண்ணியாவிலிருந்து, போனில்,
வாய்க்குள் பிஸ்கட்டோடு.
சிரிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.
இரண்டு நிமிடத்துக்குள்
பிறந்தது, வளர்ந்தது,
கோணேசபுரி வளாகத்தில் பட்டம் எடுத்தது
எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்
மூச்சு முட்டாமல் இறக்கிவைக்க வேண்டும்.

வேலை அனுபவம் என்ற கட்டத்துக்குள்
கேர்சர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.
மூன்று மாதம் உள்துறைமுக வீதிக் கடையொன்றில்
வலைக்கயிறும் மிதவையும் எண்ணியிருக்கிறேன்.
அதைச் "சரக்கு மேலாண்மை" என்று
எழுதச் சொன்னாள் ருஸ்னா.
எழுதினேன்.

வியாழன், காலை பத்தேகால். சூமில்.
பின்சுவரில் கலண்டரைக் கழற்றியாயிற்று,
ஆணி வர மறுக்கிறது.
மேலே மச்சாளின் கோட்டு,
கீழே வீட்டுப் பாவாடை.
யன்னலுக்கு வெளியே டவுன் மானொன்று
நான் கசக்கி எறிந்த தாளை மெல்கிறது:
பலம், பலவீனம் என்று நடுவில் கோடு கீறிய தாள்.
பலவீனத்தின் பக்கமாகத்தான் தொடங்கியது.

"தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பம்?"
இது எனக்குத் தண்ணி பட்ட பாடு.
இருபத்திரண்டாம் ஆண்டு, காஸ் வரிசை.
மக்கெய்சர் மைதானத்து மதிலோரம்
நூற்று நாற்பது வெற்றுச் சிலிண்டர்கள்
ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடக்க,
ஆட்கள் அடிபடத் தொடங்கிய இரவில்
கொப்பியோடு எழும்பினவள் நான்.
பெயரைக் கொப்பியில் பதிந்தேன்,
எண்ணைச் சிலிண்டரில் சோக்கால் எழுதினேன்.
விடியும்வரை ஒருவரும் கை ஓங்கவில்லை.
பொலிஸ்காரர்கூட என்னிடம்தான் வந்து கேட்டார்,
"நங்கி, கீயக்த?"

"சூப்பர் புள்ள" என்கிறாள் ருஸ்னா,
"முடிவை இலக்கத்தில சொல்லு."

முடிவு:
லொறியில் வந்தது அறுபது.
எங்கள் வீட்டு எண் அறுபத்தொன்று.
லொறிக்காரர் அறுபது என்று சொன்னபோது
சோக்கு என் கையில்தான் இருந்தது.

அறுபதாவது,
பச்சைச் சீலைக்கரை கட்டிய சிலிண்டர்.
பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வாறன்,
பாத்துக்கொள்ளும் தங்கச்சி
என்றுவிட்டுப் போயிருந்தாள்.
பூச்சியத்தை அழிக்க ஒரு விரல்,
ஒன்றைப் போட ஒரு கோடு.
எங்களுடையதில் அழிக்கவும் தேவையில்லை,
ஒன்றைச் சுற்றி வளைத்தால் பூச்சியம்.
கொப்பியிலும் அப்படியே.

ஓடி வந்தவள் சிலிண்டரைப் பார்த்தாள்.
"அறுபதென்டெல்லோ நினைச்சன்" என்றாள்.
பிறகு என்னைப் பார்த்து,
"கணக்கில நான் எப்பவும் மக்குத்தான், தங்கச்சி."

பு. நேசமலர்.
கொப்பி இப்போதும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

"சரி, தோல்வி ஒன்று?" என்கிறாள் ருஸ்னா.
எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்யப் பார்ப்பேன்,
அதுதான் என் குறை,
என்று பாடமாக்கியதை ஒப்பிக்கிறேன்.
ஒப்பந்தத்தை மீறிச் சிரிக்கிறாள்.
"எல்லாரும் இதத்தானே சொல்ற, வேற சொல்லு."
வேறு இல்லை என்கிறேன்.
பிறகு நான் பேசாமல் இருந்ததை
நெட்வேர்க் போய்விட்டதென்று நினைத்து
ஹலோ, ஹலோ என்று கத்தினாள்.

வியாழன்.
மூன்று முகங்கள், மூன்று பெட்டிகளில்.
நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.
காஸ் வரிசைக் கதைக்கு இரண்டு பேர் தலையாட்டினார்கள்.
மூன்றாமவர், கண்ணாடி போட்ட அம்மா,
என் விண்ணப்பத்திலிருந்து தலை தூக்கும் நேரம்
மீன்காரரின் ஹோர்ன் வாசலில் அலற,
மைக்கை மூடினேன்.

சும்மா அறியத்தான் கேட்கிறேன், என்றார்.
அந்த வரிசையில் உங்கள் எண் என்ன?

ருஸ்னாவின் பட்டியலில் இல்லாத கேள்வி.
ஆங்கிலத்தில் அறுபது சின்னச் சொல்,
மற்றது கொஞ்சம் நீளம்.

வாய் திறந்து
சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் காதைத் தொட்டுக் காட்டுகிறார்கள்.
மைக் மூடியே கிடக்கிறதாம்.
இன்னொருமுறை சொல்லட்டாம்.