புதன்கிழமை வாக்காளர்

தப்பு என்னுடையது.
போன வருடத் தாளின் மேலேயே
இந்த வருடத்தைத் தட்டினேன்.
பெயர்களை மாற்றினேன், தொகைகளை மாற்றினேன்,
மார்ச் நான்கு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.
நான்கு என்றால் புதன் என்று
கணினி தானாகவே கிழமையைத் திருத்திக்கொண்டது.
மஞ்சள் தாள், இருநூற்றுப் பதினொரு வீடு,
அடியில் என் பெயர்:
ஓடெட் பெல்க்கி, நகர எழுத்தர்,
கோல்டர் மில்ஸ், வெர்மான்ட்.

வாக்களிப்பு செவ்வாய்.
மறுபடி அச்சடிக்க எட்டு நாள் ஆகும்,
கையில் இருந்ததோ ஐந்து.
சிவப்புப் பேனா நான்கு வாங்கினேன்.
குளிரில் மை உறைந்துவிடும் என்பதால்
ஒன்று எப்போதும் என் கக்கத்தில்.

முதல் கதவு திருமதி திபோ.
"மார்ச்சின் முதல் செவ்வாய், என்றைக்கும் அதுதானே.
உன் தாளை யார் படிக்கிறார்கள்?"
ஆறுதலா அடியா என்று
படி இறங்கும்வரை எனக்குப் புரியவில்லை.

அடுப்பு பற்றவைத்துவிட்டதாக ஒருவர் ஒப்புக்கொண்டார்,
நன்றாக எரிந்தது என்றும் சொன்னார்.
சாலை ஆணையர் பதவிக்கு ஒரே ஒரு பெயர்,
அப்புறம் ஓட்டு எதற்கு என்று கேட்டவரிடம்
அந்தப் பெயருக்குக் கீழே
ஒரு கோடு காலியாக இருப்பதைக் காட்டினேன்.
யார் பெயரையும் எழுதலாம்.
"என் மச்சான் பெயர்கூடவா?"
உங்கள் மச்சான் பெயர்கூட.
அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பு
எனக்கு நல்லதாகப் படவில்லை.

ந்துவிமானா வீட்டில் மஞ்சள் தாள்
குளிர்பெட்டியின் மேல், காந்தத்தின் கீழ்.
போன அக்டோபரில்தான் குடியுரிமை.
நான்கைச் சுற்றிப் பச்சை வட்டம்,
வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்.
சிவப்பால் அதை அடித்தபோது
யாருடைய பிறந்தநாளையோ அடிப்பதுபோல் இருந்தது.
புதனுக்கு வாங்கிய விடுப்பைச் செவ்வாய்க்கு மாற்ற
ஸ்பெஸ் என் முன்னாலேயே மேலாளரை அழைத்தாள்.
இரண்டு முறை கெஞ்சினாள்.
நான் என் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருநூற்றுப் பத்து வீடு.

விட்டது ஒன்று.
பழைய பாலத்துக்கு அந்தப் பக்கம், சாலையின் கடைசி,
ஹோலிஸ் டாட்ரோ.
ஞாயிறு மாலை, இருட்டிக்கொண்டு வந்தது,
அவருடைய நாய்
சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று சோதித்துக்கொண்டிருந்தது.
தவிர, பட்டியலை வைத்திருப்பவள் நான்:
பதினோரு வருடமாக அவர் பெயருக்கு எதிரே
ஒரு டிக் கிடையாது.
வண்டியைத் திருப்பினேன்.
அதற்குக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய். தீயணைப்பு நிலையம்,
டோனட், ஈரக் கையுறைகளின் வாடை.
நூற்று நாற்பத்தேழு பேர்.
ஸ்பெஸ் வந்தாள், காதணி போட்டுக்கொண்டு.
மச்சானுக்கு ஒன்பது ஓட்டு.
ஏழாம் கேள்வி, பாலம் பழுதுபார்க்க முப்பத்தெட்டாயிரம் டாலர்,
பத்தொன்பது வாக்கில் தோற்றது.

புதன் காலை எட்டு மணிக்கு
மடக்கு மேசைகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது
கதவைத் தள்ளிக்கொண்டு ஹோலிஸ்.
இஸ்திரி போட்ட சட்டை. சவரத்தில் ஒரு வெட்டு.
கையில் நான்காய் மடித்த மஞ்சள் தாள்,
ஏழாம் கேள்விக்கு அடியில் பென்சில் கோடு,
ஓரத்தில் அவரே போட்ட கூட்டல்:
பாலம் தாங்காது என்று பள்ளிப் பேருந்து
ஒரு வருடத்தில் சுற்றிப் போகும் மைல்கள்.
"வரிசையே இல்லையே," என்றார்.

சொன்னேன். முழுதாக, நாயையும் சேர்த்து.
சொன்னதோடு நின்றிருக்கலாம்.
நீங்கள் வந்திருந்தாலும் பதினெட்டில் தோற்றிருக்கும் என்றேன்.
அவர் தாளைப் பார்த்தார்,
சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.
"நாய் ஒன்றும் செய்யாது," என்றார்.

பிறகு, வந்தது வந்தாயிற்று என்பதுபோல்
தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு
மேசையின் மறுமுனையைப் பிடித்தார்.
பதினாலு மேசை.
இரண்டு பேரும் பேசவில்லை.
வெளியே அவர் வண்டியின் முன் இருக்கையில்
அது உட்கார்ந்து
கண்ணாடி வழியே என்னையே பார்த்தது,
குரைக்காமல்.