செய்தி எண் 417

பச்சை என்றால் தகவல்.
மஞ்சள் என்றால் எச்சரிக்கை. எண்டரைத் தட்டினால் வழி விடும்.
சிவப்பு என்றால் பிழை. நகராது.
ஒரு செய்திக்கு எழுபத்திரண்டு எழுத்துதான் இடம்,
இடைவெளியும் ஓர் எழுத்து.

வின்னிபெக்கில், இங்க்ஸ்டர் பக்கம், ஒரு பழக் கிடங்குக்கு
மூன்று மாதமாக இதைத்தான் அமைத்துக்கொண்டிருக்கிறேன்.
மெனு, உள்மெனு, அட்டவணை, சேமி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பிழைக்க வந்த ஊரில்
பிழைகளுக்கு வாசகம் எழுதுவது என் பிழைப்பு.
இதைச் சொல்லிச் சிரிக்க
இந்த மாடியில் ஓர் ஆள் கிடையாது.

417 என்பது வாழைப்பழத்துக்கு.
லாரி வந்து நின்றதும் பெட்டிக்குள் அளக்கையில்
பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனால் எழ வேண்டியது.
மஞ்சளா சிவப்பா என்று நாலு கூட்டம் நடந்தது.
சிவப்பு போட்டால் லாரி வரிசை மெயின் ரோடு வரை நிற்கும்
என்றார் கோவல்ச்சுக்.
மஞ்சள் போட்டால் கறுத்த பழம் கடை வரை போகும்
என்றாள் தரப்பிரிவு லொரேன்.
நாலாவது கூட்டத்தில் டோனட் தீர்ந்ததும்
சிவப்பு என்று முடிவாயிற்று.
வாசகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானே எழுதினேன்:
வெப்பநிலை அனுமதிக்கப்பட்ட வரம்பில் இல்லை,
உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.
ஆங்கிலத்தில் சரியாக எழுபது எழுத்து. திருப்தி.

நிர்வாகி யாரென்று
மூன்றாம் நாள் இரவு இரண்டு நாற்பதுக்குத் தெரிந்தது.
போன் என் தலைமாட்டில் அடித்தது.

மறுநாள் இரவு ஷிப்டுக்கே போய்
மார்லன் பக்கத்தில் நின்றேன்.
விசை தட்டுவதற்காகக் கையுறையின் விரல்நுனிகளை
வெட்டி எடுத்திருந்தான்.
திரை ஓரத்தில் மாஸ்கிங் டேப், அதில் மார்க்கரில் இரண்டே வரி:
மஞ்சள் வந்தால் எண்டர்.
சிவப்பு வந்தால் மணியைக் கூப்பிடு.
மணிமொழி பாதியாகி
அவன் எழுத்துக்கூட்டலில் நான்
காசுபணம் என்றே ஆகியிருந்தேன்.

படிக்கிறதில்லையா என்றேன்.
படித்தேனே, முதல் நாள்.
அதில் நான் செய்ய ஒன்றுமே இல்லை என்றான்.
சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டியைப் பிளந்து
வெப்பமானியைச் செருகினான். மூச்சு புகைந்தது.

அனுமதிக்கப்பட்ட. யாரால்?
தொடர்புகொள்ளவும். எங்கே?
செயப்பாட்டு வினைக்குக் குளிர் தெரியாது.

தக்காளிப் பெட்டிகளின் மேல் லேப்டாப்பை வைத்து
நின்றபடியே மாற்றினேன்.
முன்னால் லாரி எண்ணுக்கு ஒரு குழி,
டிகிரிக்கு ஒரு குழி, அவை தாமே நிரம்பிக்கொள்ளும்.
பிறகு: கதவை மூடு. வேறு பெட்டியில் அள.
அதிலும் குறைந்தால் இறக்காதே.
ஏழு எழுத்து மிஞ்சியது.
தயவுசெய்துவை எடுத்தேன், ஆங்கிலத்தில் அது
ஓர் இடைவெளியோடு சேர்த்து ஏழு.

சோதனைக்கு ஒன்பது டிகிரி என்று போட்டோம்.
சிவப்பு எழுந்தது.
மார்லன் உதடு அசையப் படித்தான்.
ம் என்றான்.
டேப்பை மட்டும் உரிக்கவில்லை.

வியாழக்கிழமை, மூன்று பத்து.
மணி, 417.
படிச்சியா?
படிச்சேன். கதவை மூடுங்குது.
கதவு பனியில இறுகிப்போச்சு, பாதியில நிக்குது.
அதுக்கு எந்த நம்பர்?

விளக்கைப் போட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
418 காலியாகத்தான் இருந்தது.
சுத்தியல் இருக்கா என்று கேட்டேன்.