பணிப்பட்டியல்

இவாலோவில் ஜனவரி.
பகல் என்பது நண்பகல் வாக்கில்
யாரோ கதவைத் திறந்து
உடனே சாத்திவிடுவது.

அறுந்த மின்கம்பிகளுக்கு
நால்வரை அனுப்புவது என் வேலை.
பெயர்களைப் பென்சிலால்தான் எழுதுவேன்.

அவுலிஸை அழித்தேன்.
காபி ஆறிவிட்டது என்பான்,
வண்டியில் ஹீட்டர் நாறுகிறது என்பான்,
கம்பத்தில் பாதி ஏறியவளைக் கூப்பிட்டு
"மண்ணிணைப்பு மாட்டியாயிற்றா?" என்பான்,
மூன்றாம் முறையாக.
ஹில்கா கையுறையை என் மேஜையில் எறிந்தாள்:
"அவன் வாய் இருக்கட்டும், இல்லாவிட்டால் நான்."

அவன் இடத்தில் துய்ஸ்குவை எழுதினேன்.
புதியவள், எல்லாருக்கும் பிடித்தவள்.
எஸ்கோ எதற்கும் தலையாட்டுவான்.
ரெய்மா இருக்கும் வண்டியிலிருந்து
சிரிப்புதான் முதலில் இறங்கும்.
எட்டு மணி நேர வேலை ஆறில் முடிந்தது.
மேலதிகாரி என் தோளைத் தட்டினார்.
வீட்டுக்குப் போய்
நானும் ஒருமுறை தட்டிக்கொண்டேன்.

நான்காம் வாரம், புயலுக்கு மறுநாள்,
ஏரியோரம் ஒரு கிளைக்கம்பி.
ஹில்கா மாட்டியிருப்பாள் என்று எஸ்கோ நினைத்தான்.
எஸ்கோ மாட்டியிருப்பான் என்று ஹில்கா.
துய்ஸ்குவுக்குக் கேட்கத் தோன்றியதாம்.
அவ்வளவு நல்ல சிரிப்பின் நடுவே
எப்படிக் கேட்பது?

அக்கரைக் குடிலில் குளிர் தாங்காத ஒருவர்
ஜெனரேட்டரை முடுக்கினார்.

ரெய்மாவுக்கு உயிர் இருக்கிறது.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
மருத்துவமனையில் அதைச் சொல்லியும்
சிரிக்கவைக்கப் பார்த்தான்.
யாரும் சிரிக்கவில்லை என்று
முதன்முறையாகக் கோபப்பட்டான்.

விசாரணைத் தாளில் ஒரு கட்டம்:
தவறியவர் பெயர்.
நால்வரில் எவர் பெயரும் அதில் உட்காரவில்லை.
அங்கே இல்லாதவன் பெயரை எழுதி
அழித்தேன்.
கட்டம் கறுத்துப்போனது.

இப்போது அவுலிஸ் வண்டியில்.
ஹில்கா அவனோடு பேசுவதில்லை.
ஆறு மணி நேர வேலைக்கு ஒன்பது ஆகிறது.
மதிய ரொட்டியை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துத் தின்கிறார்கள்.
பட்டியலில் தன் பெயர் மங்கலாக இருக்கிறதென்று
இன்று காலையும் என்னிடம் குறைப்பட்டான்.
அழுத்தி எழுதினேன்.

சற்றுமுன் வானொலியில் அவன் குரல்:
"மண்ணிணைப்பு மாட்டியாயிற்றா?"
"ஆயிற்று, ஆயிற்று, உன் தலை!"
அப்புறம் காற்று மட்டும்.
அப்புறம்,
மெதுவாக, ஒவ்வொன்றாக,
கம்பத்தில் கீழே இறங்கிவரும்
கால்கொக்கிகளின் சத்தம்.