துவர்

சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வருகிறார்களாம்.
ஸ்பெயின் தேசத்துச் சிவப்பு ஒயின்,
அதற்குத் தோதாக நாலு வகை.
பங்களா முதலாளி குருவில்லா
ஒரு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்:
"குடிச்சுப் பாத்துட்டுச் சமை, செபஸ்தியான்."

அவருக்குத் தெரியாது,
முந்தின வருஷக் காய்ச்சல்
என் வீட்டுக்காரரின் மூக்கை எடுத்துக்கொண்டு போனது.
பதினேழு மாதமாய்
வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்று
தாளிப்பு கருகுமுன் நான் இருமுகிறேன்.

நாயுடுபுரத்தில், எங்கள் வீட்டில்,
கார்க் திருகி ஏது?
ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதில் பாதி வந்தது,
பாதி உள்ளே விழுந்து மிதந்தது.
டீ வடிகட்டியில் வடித்து
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன்.

கூடவே ஒரு சீட்டு, முதலாளி மகளின் கையெழுத்தில்:
செர்ரி, தோல், புகையிலை.
செர்ரி எனக்குக் கேக் மேல் இருப்பது. இது அதில்லை.
"மரத்தடியில விழுந்து குளவி மொய்க்குமே,
அந்தப் பிளம்ஸ்."
"தோல்?"
"நனைஞ்சு வந்து அடுப்போரம் வச்சீங்களே, அந்த ஷூ."
"புகையிலை?"
"அது வரல. பென்சில் சீவின வாசம்தான் வருது."
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்,
ரேடியோவில் கிரிக்கெட் கேட்பவரைப் போல.

பிறகு ஒரு வாய் குடித்தார்.
விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தார்.
"வாசம் இல்ல. ஆனா துவர்க்குது.
பல்லுக்குப் பின்னால யாரோ
கம்பளிய இழுத்துப் போர்த்துறாங்க."

துவர்ப்பைச் சுவை என்கிறோம், அது தொடுதல்.
வாழைப்பூ ஆய்ந்த விரலுக்குத் தெரியும்.
துவர் என்றால் சிவப்பும்தான் நம் மொழியில்;
இரண்டையும் ஒரே சொல்லில் ஊற்றி வைத்தவர்
எதைக் குடித்துவிட்டு வைத்தாரோ.

மிளகு வறுவலோடு கொடுத்தேன்.
எரிகிற நாக்கில் பெட்ரோல் என்றார்.
நெத்திலி வறுத்தேன்: "ஆணியைச் சப்பின மாதிரி."
ரசம்கூட வைத்துப் பார்த்தோம், ஏனென்று கேட்காதீர்கள்;
இரண்டு புளிப்பும்
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
முகம் திருப்பிக்கொண்டன.

கடைசியில்
மன்னவனூர் ஆட்டுக்கறி, கொழுப்பை நீக்காமல்.
பூம்பாறைப் பூண்டு, தோலோடு இரண்டு கை.
கல் உப்பு, கொஞ்சம் தனியா. மிளகாயே இல்லை.
இந்த உயரத்தில் தண்ணீர் அவசரமாய்க் கொதிக்கும்,
கறிக்கு அவசரம் கிடையாது.
மூன்று மணி நேரம்.
மேகம் ஜன்னல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒரு துண்டு தின்றார். ஒரு மடக்கு.
"விடுது."
"எது?"
"கம்பளி. கொழுப்பு பட்டதும் பிடி தளருது.
அந்தப் பூண்டப் பிதுக்கிக் குடு...
ஆமா. இப்ப பட்டு."

உப்பு அவர் நாக்குக்கு எப்போதும் தெரிந்ததுதான்,
தைரியம்தான் போயிருந்தது.
அன்றைக்கு என்னைக் கேட்காமல்
ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.
மீதி மூன்று வகை நாளைக்கு.

பாட்டிலின் வாயைப் பால் கவரால் கட்டி வைத்தேன்.
படுக்கும்போது வழக்கம்போல் கேட்டார்:
"காஸ் மூடியிருக்கா, மோந்து பாரு."

இருட்டில், அடுப்படியில் நின்றேன்.
பிளம்ஸ்.
ஈர ஷூ.
அதற்கெல்லாம் அடியில்,
இவ்வளவு நேரம் கழித்து,
புகையிலை.

"ஒண்ணுமில்ல," என்றேன், "படுங்க."