இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

தலவாக்கலையில் அந்தக் குழுவை
யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.
அட்டையில் பாம்பு மாதிரி நெளிந்த எழுத்து,
எங்களுக்கு வாசிக்க வரவில்லை.
எரிகிற சக்கரம் ஒன்று இருந்தது, அதனால்
சக்கரக்காரன்கள்.
"நௌசாட் நானா, சக்கரக்காரன் ரெண்டாவது இருக்கா?"
அது போதும்.

எண்பத்தொன்றோ இரண்டோ.
நானாவின் ரெக்கோடிங் பாருக்கு மேல் மாடியில்
நான் தையல் பழகினேன். பலகைத் தளம்.
கீழே ட்ரம் விழுந்தால்
மேலே ஊசிப்பெட்டி நடக்கும்.
அந்த வேகத்துக்கு மெஷினை மிதித்து
யாரோ ஒரு பிள்ளையின் பூசைப் பாவாடையை
நாசமாக்கினேன்.
டீச்சர் அடிகோலால் அடித்தார்.
வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இனி அந்த இருமல்.

எங்கள் பக்கத்துக்கு வந்த இசைத்தட்டு ஒன்றே ஒன்று,
ஆற்றுக்கு அந்தப்புறத் தோட்டத்துச் சின்னத்தொரையுடையது.
அவர் கொழும்புக்குப் போன ஞாயிறு
பங்களாவில் கோப்பை கழுவிய மாசிலாமணி
ஸ்பீக்கருக்கு முன்னால் இரவல் ரெக்கோடரை வைத்து,
ஜன்னலை மூடி, நாயைக் கட்டி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.
எல்லாம் அடங்கி ஒற்றைக் கிட்டார் மட்டும்
மேட்டில் ஏறுகிற இடத்தில்
அவனால் முடியவில்லை.
இரண்டு தரம். பிறகு
அடக்கப் பார்த்த மூன்றாவது.

"திரும்ப எடுத்துத் தாறேன் நானா" என்றானாம்.
அதற்குள் சின்னத்தொரை மாற்றலாகிப் போனார்,
இசைத்தட்டோடு.

நானா பிரதி எடுத்தார். பிரதிக்கும் பிரதி.
லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம,
எங்கே கசெட் போனாலும்
அங்கே மாசிலாமணி இருமினான்.

கொழுந்து லொறியில் கிளீனராக நின்ற ரொபட்
அந்த இருமலுக்குத்தான் டிரைவர்
கியர் மாற்றுவார் என்று சத்தியம் செய்கிறான்.
சிக்னல் கெபின் சுனில்
பள்ளிக்கூட மேடையில் அந்தப் பாட்டை வாசித்தபோது
சரியான இடத்தில் நிறுத்தி, தானே இருமினான்.
மண்டபமே கூட இருமியது.
பிரின்சிபல் மட்டும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

யோகம் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை.
அவள் மாசிலாமணியின் லயத்தில், நாலாவது காம்பரா.
"பாடுற வெள்ளக்காரனுக்குத்தான் சளின்னு நெனச்சேன்.
அவன் ஊரும் குளிராக்கும்.
அதனாலதான் அவங்களப் பிடிச்சிது.
அவன் இல்ல, நம்ம ஆளுன்னு தெரிஞ்சப்போ
ரெண்டு நாள் கோவமா இருந்தேன்."

எண்பத்து மூன்று முடிய மாசிலாமணியின் வீட்டுக்குக்
கடுதாசி வந்தது. தலைமன்னார், கப்பல்.
ஸ்டேசனில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க
அவன் பெட்டிக்குள் ஏறி, திரும்பி,
எங்களைப் பார்த்து வேண்டுமென்றே
மூன்று தரம் இருமினான்.
கொத்தகிரி என்று ஒரு கடிதம் வந்தது.
பிறகு ஒன்றுமில்லை.

போன மாசம் சக்கரக்காரன்களின் ட்ரம்காரர்
செத்துப் போனதாகச் செய்தி.
ரொபட் வீட்டில் நாலு பேர், பிளேன்டீ, கருப்பட்டி.
அவனுடைய மகன் போனில் எடுத்துத் தந்தான்.
அத்தனை சுத்தம். மழைக்குப் பிறகு கண்ணாடி துடைத்த மாதிரி.
மூன்றாம் பாட்டு. கிட்டார் ஏறியது.
எங்களுக்குத் தொண்டை இறுகியது.

யாரும் இருமவில்லை.

அந்த இடத்தில், அடியில்,
விரல் கம்பியில் வழுக்குகிற ஒரு சின்னச் சத்தம்.
பிழை. தெளிவான பிழை.
நாற்பது வருடம் நாங்கள் கேளாதது.

"திரும்பப் போடு" என்றான் சுனில்.
திரும்பவும் வழுக்கியது.

யோகம் சிரிக்கத் தொடங்கினாள்,
புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.
"பங்களாவுல கோப்ப ஒடஞ்சா,
யாரு ஒடச்சாலும்,
நாந்தான்னு சொல்லிட்டு நிப்பான்
அந்த மனுசன்."

ரொபட்டின் மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
நாலாவது பாட்டு தானாகவே தொடங்கியது.
அதை யாரும் சரியாகக் கேட்கவில்லை.